ஏழாம் குப்பி

குவெர்னவாக்கா சந்தையில், சனிக்கிழமை,
கொபால்ச்சிப் பட்டை வாங்கினேன்.
கிலோ நூற்றெண்பது பெசோ.
நுனிநாக்கில் வைத்தால் காதுவரை கசக்கிறது.

"சர்க்கரைக்கா?" என்றாள் எவுஃப்ரோசினா.
"எலிகளின் சர்க்கரைக்கு."
சிரித்தபடி ஒரு பிடி கூடப் போட்டாள்:
"இது எலிகளுக்கு, என் கணக்கில்."

ஆய்வகத்தில்
அரைத்தோம், ஊறவைத்தோம், வடித்தோம்.
முழுச் சாறு குடித்த எலிகளுக்கு
முந்நூற்றுப் பத்திலிருந்து நூற்றறுபதுக்கு
இறங்கியது.
பெலிசாரியோ மேசையில் தட்டினார், மூன்று முறை.

பிறகு பிரிக்கத் தொடங்கினோம்.
சாறு பன்னிரண்டு குப்பியானது.
ஏழாம் குப்பியில் இருந்தது அது.
ஏழாவதை இன்னும் ஒன்பதாக்கினோம்:
ஒன்றில் வெள்ளைத் துகள், ஒன்றில் மஞ்சள் பிசின்,
ஒன்றில் பெயரில்லாத கறை.
ஒன்பதிலும் இல்லை.

மறுபடி கலந்து பார்த்தோம்.
வந்தது, பாதி.
மீதி எங்கே?
கண்ணாடிச் சுவரிலா, என் கையுறையிலா,
கழுவுதொட்டி வழியே ஊர்ச் சாக்கடைக்கா?
சாக்கடை எலிகள் நலமாயிருக்கட்டும்.

பதினான்காம் எலிக்கு மட்டும்
எதைக் கொடுத்தும் இறங்கவேயில்லை.
அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்கள்.
எடுக்கவில்லை நான்.
பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.

அடுத்த சனி.
எவுஃப்ரோசினா முக்காலியில், இடது காலை நீட்டி.
செருப்புக்குள் மூன்று விரல்.
இத்தனை மாதம் நான் பட்டையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.
பக்கத்துக் கடைக் குளிர்பானப் பெட்டியைத் திறந்து
பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து
இன்சுலின் எடுத்தாள்.
சட்டை நுனியைப் பல்லால் கவ்வி, வயிற்றில் குத்திக்கொண்டு
வந்து நின்ற கிழவருக்கு
விரல்களால் விலை காட்டினாள்.
பிறகு ஃபிளாஸ்கிலிருந்து ஒரு மிடறு
பட்டைக் கஷாயம்.

"எது வேலை செய்கிறது?"
கேட்டிருக்கக் கூடாது.

"இதை நிறுத்தினால் செத்துப்போவேன்."
ஊசியைக் காட்டினாள்.
"இதை நிறுத்தினால்," ஃபிளாஸ்கை மூடினாள்,
"என்ன முகத்தோடு விற்பேன்?"

கிலோ இப்போது இருநூறு.
மைத்துனன் மலையில் வெகுதூரம் ஏற வேண்டியிருக்கிறதாம்,
கிட்டத்து மரங்களை யாரோ
சுற்றிலும் உரித்துக் கொன்றுவிட்டார்களாம்.

அலுவலகத்துக்கு ரசீது கேட்டேன்.
'மருந்து' என்று எழுத ஆரம்பித்தாள்.
என்னைப் பார்த்தாள்.
அடித்துவிட்டு 'பட்டை' என்று எழுதினாள்,
எடையை இரண்டு முறை சரிபார்த்து.