வெளியேறும் வழி

தாய் செங், ஏழாம் மாடி.
குளிர்சாதனத்தை ஆறரைக்கே நிறுத்திவிடுவார்கள்.
வியர்த்தபடி ஆள் தேடுகிறேன்.
இரண்டு இடம், நூற்றுப் பதினான்கு பேர்.

எல்லோர் பக்கத்திலும் ஒரு காப்பிக்கடை இருக்கிறது,
யாரும் காப்பி குடிக்காத காப்பிக்கடை.
பறக்காத விமானத்துக்கு வாலில் ஒரு சின்னம்.
இல்லாத வங்கிக்குக் கைப்பேசித் திரை,
அதில் மாதக் கடைசியிலும்
எண்ணாயிரம் வெள்ளி மிச்சம்.
அழகுதான். ஆனால் கண்
நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகிறது,
மழை நாளின் எம்ஆர்டி படிக்கட்டு மாதிரி.

ஒருத்திக்கு நாலாயிரம் இதயங்கள்.
ஒருவனுக்கு ஆறாயிரம்.
தொண்ணூற்றிரண்டாவது ஆளுக்கு மூன்று.
மூன்றில் ஒன்று மகளாக இருக்க வேண்டும்,
அதே குடும்பப் பெயர்.

சிம் போ கியாட்.
வயது எழுதவில்லை. எழுதாததிலேயே தெரிந்தது.
முதல் படம்:
பச்சைப் பலகை, நான்கு மொழி, ஓடும் மனிதன்.
வெளியேறும் வழி.

என் பலகை.

பதினோரு வருடத்துக்கு முன்னால்
வடக்கே ஒரு சமூக மருத்துவமனைக்காக,
பயிற்சிக்கு வந்த நான்
மூன்று இரவு தூங்காமல் செய்தது.
அதைக் காட்டித்தான் முதல் வேலை வாங்கினேன்,
இரண்டாவதும்.
என் பக்கத்திலும் அதே பலகை,
ஏறக்குறைய அதே கோணம்.

திருட்டு என்று தட்டினேன். அழித்தேன்.
நேரில் சந்திக்க ஆவலாக இருக்கிறோம் என்று அனுப்பினேன்.
அந்த ஆவல் எனக்கே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தார்.
இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.
கையில் மடிக்கணினி இல்லை, பிளாஸ்டிக் கோப்பு.
“இந்தப் பலகையில் உங்கள் பங்கு என்ன?”
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

ஒரு பழைய மெய்ப்புத்தாளை எடுத்து வைத்தார்,
சிவப்புப் பேனா வட்டத்தோடு.
“காக்கி புக்கிட்டில் அச்சகத்தில் இருந்தேன்.
தமிழ் தெரியாது.
நான்கு பலகை வந்தது.
மூன்றில் கடைசி எழுத்து சுழித்துக் கீழே இறங்கியது.
ஒன்றில் மட்டும் இறங்கவில்லை.
உங்கள் நிறுவனங்களுக்குப் போன் செய்தால்
இரவு பதினொன்றுக்கு யார் எடுப்பார்கள்?
கீழே பரோட்டாக் கடைக்குக் கொண்டுபோனேன்.
அந்த ஆள் சிரித்த சிரிப்பில்
வீசிக்கொண்டிருந்த மாவு தரையில் விழுந்தது.”

வளி.
காற்று.
வெளியேறும் காற்று.
மருத்துவமனைச் சுவரில், அம்புக்குறி போட்டு.

“அடுத்த பலகையிலிருந்து
அந்த எழுத்தை எடுத்து ஒட்டினேன்.
காலை ஆறு மணிக்கு லாரி.
அவ்வளவுதான் என் பங்கு.
படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேனே?”

படத்தைப் பார்த்த கோபத்தில்
நான் கீழே உருட்டவே இல்லை.
அவர் போன பிறகு உருட்டினேன்.

ஓர் எழுத்துத் திருத்தம் மட்டும்.
வடிவமைத்தவர் பெயர் தெரியவில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார்.
“ஐம்பதுக்கு மேல் இருக்குமே,
புது மென்பொருள் எல்லாம் வருமா?”
சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றேன்.
மீதியை விளக்கலாம் என்றால்
பாவம், அவருக்கும் தமிழ் தெரியாது.

இரவு, பொங்கோல் வீட்டில்,
என் பக்கத்தைத் திறந்து
அந்தப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடைசி எழுத்து
பக்கத்து எழுத்தைவிட ஒரு மயிரிழை தடிமன்.
இத்தனை வருடம் கண்ணில் படவில்லை.
என் பெயர் அருள்மொழி.
அதன் கடைசி எழுத்தும் அதுதான்.

வடிவமைப்பு: அருள்மொழி.
ழி: சிம் போ கியாட்.

சேமிப்பதற்கு முன்
எழுத்துக்கூட்டி
மூன்று தடவை படித்தேன்.