இரண்டு கிண்ணம்

கொடிவேரிக்குப் போகிற வழியில்
ஆறு நாள் படப்பிடிப்பு.
ஆள் பத்தவில்லை என்று
கோபியில் பார்லர் வைத்திருக்கும் என்னையும் கூப்பிட்டார்கள்.
ஒரு கிண்ணத்தில் கறுப்பு, ஒன்றில் வெள்ளை.

கறுப்பு நாயகனுக்கு.
ஐம்பத்தி மூணு. வேர்க்கால் பூராவும்
பருத்தி வெடித்தாற்போல வெளுத்திருந்தது.
கதையில் அவருக்கு இருபத்தெட்டு.

வெள்ளை வசுந்தராம்மாவுக்கு.
இருபது வருசம் முன்னால் இதே வாய்க்கால் மேட்டில்
இதே ஆளோடு டூயட் பாடியவர்,
இப்போது அவருக்கு அம்மா.
"இன்னும் கொஞ்சம் பூசுங்க,
மகன் என்னைவிட எட்டு வயசு பெரியவன்."
கண்ணாடியைப் பார்க்காமல் சிரித்தார்.

நாயகிக்கு ரெண்டு கிண்ணமும் தேவைப்படவில்லை.
பத்தொன்பது.
பல்லுக்குப் போட்ட கம்பியைப் போன மாசம்தான் கழற்றினார்களாம்.

மூன்றாம் நாள்
மஞ்சள் காட்டு வரப்பில் தடுக்கி
அவர் மார்பில் விழ வேண்டும்.
விழுந்தாள். காலையும் மிதித்துவிட்டாள்.
"ஸாரி அங்கிள்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
குடை பிடித்தவன், ட்ராலி தள்ளியவன்,
ஜெனரேட்டர் லாரி டிரைவர்,
எல்லோரும் சித்தெ நேரம்
மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
அந்தப் படத்துக்கென்று பேசியதில்
நிசமான சொல் அது ஒன்றுதான்.
வெட்டிவிட்டார்கள்.
அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

வயசு தள்ளி வருகிற காதல் தப்புன்னு சொல்ல
நான் ஆருங்?
என்ற பக்கத்துக் கடை தங்காயி
புருசனைவிட ஏழு வயசு மூப்பு.
பதினோரு வருசமாக ஊர் அதை மென்றுகொண்டிருக்கிறது,
இன்னும் துப்பவில்லை.
அந்தக் கதையை எடுக்க
இத்தனை விளக்கோடு எந்த லாரியும்
இங்கே வந்து இறங்கினதில்லை.

படம் வந்தது. விசில் பறந்தது.
ஐப்பசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள்
'பெண்களுக்கு மட்டும்' பலகையைத் தாண்டி
ஒரு மாப்பிள்ளை உள்ளே வந்தார்.
நசியனூர்க்காரர். நாற்பத்தி ஒண்ணு.
பத்து வருசம் ஜாதகம் தூக்கி அலைந்த முகம்.
பொண்ணு பாலக்காட்டுப் பக்கமாம், இருபத்தி ஒண்ணாம்.
"அந்தப் படத்துல அவருக்குப் போட்டீங்களாமே,
அதே கறுப்பு வேணுங்."

சிரிக்க வரவில்லை. திட்டவும் வரவில்லை.
இந்த மனுசனுக்குக் குடை பிடிக்கவும் ஆளில்லை,
தப்பினால் ரீடேக்கும் கிடையாது.
கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டேன்,
"அந்தப் புள்ள உங்களை என்னன்னு கூப்புடுதுங்?"

கண்ணாடிக்குள் இருந்து என்னைப் பார்த்தார்.
"இன்னும் பேசவே இல்லீங்."