சாக்கு வரும்வரை

சம்பா வந்துகொண்டிருக்கிறது.
செம்பனார்கோயில் சாலை நெடுக டிராக்டர்கள்.
கொள்முதல் நிலையத்தில் சாக்கு தீர்ந்துவிட்டது.
சாக்கு வரும்வரை
பில் போடுகிறவளுக்கு வேலையில்லை.
மேசை இழுப்பறையில் இரண்டு நாவல்கள்.

ஒன்று மாயவரம் வாடகை நூலகத்தில் எடுத்தது,
வாரத்துக்குப் பத்து ரூபாய்.
அட்டையில் ஒரு பெண், அவளுக்குப் பின்னே நிழல்,
நிழலின் கையில் கத்தி.
நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது,
மைத்துனன்தான்.
கேட்காமலே எல்லோருக்கும் காபி கலந்து கொடுக்கிறவனை
கதையில் நம்பக் கூடாது.
அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.
கரண்ட் போன வீட்டில் மாடி ஏறுகிறாள்.
"ஏறாதே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.
தார்ப்பாயோடு அட்டியில் ஏறிக்கொண்டிருந்த கலியபெருமாள்
பாதியில் நின்று
"என்னையா மேடம்?" என்றான்.

இன்ஸ்பெக்டர் வருகிறார்.
தாடி, புருவத்தில் வெட்டுத் தழும்பு.
காப்பாற்றுவதற்கு முன் ஒன்று,
காப்பாற்றிய பின் இரண்டு,
ஆக மூன்று முத்தம்.
எண்ணினேன். எண்ணுவதுதானே என் தொழில்.

மற்றது பொறையாறு கோயில் புத்தக மேசையில்
ஆராதனை முடிந்து வாங்கியது.
மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்,
இருநூறு பக்கத்துக்கும் அவருக்கு வியர்க்கவே இல்லை.
அவள் விதவை.
ஜெபிக்கிறாள், தபால்காரர் வருகிறார்.
ஜெபிக்கிறாள், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குகிறது.
ஜெபிக்கிறாள், மழை நிற்கிறது.
அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

போன தை மாதம் இந்தக் களத்தில்
நானும் ஜெபித்தேன்.
படுதாவின் நான்கு முனையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு
அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள்.
மூன்று நாள் பெய்தது.
குவியலிலேயே நெல் முளைத்தது,
பார்க்க அழகாகக்கூட இருந்தது.
ஈரம் இருபத்து நான்கு, எடுக்க முடியாது என்று
சொன்னது இந்த வாய்தான்.
நெல்லுக்குச் சொந்தக்காரர் இஸ்ரவேல்,
எங்கள் சபைதான்,
எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார்.
ஏசவில்லை.
"சரிம்மா, தோத்திரம்" என்றார்.
டிராக்டரைத் திருப்பினார்.
அந்தத் தோத்திரம் யாருக்கு, எந்த அர்த்தத்தில்,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.
அதை எழுதத் தெரிந்தவர் ஒரு நாவல் எழுதட்டும்,
முழு விலை கொடுத்து வாங்குகிறேன்.

ஆனாலும் சொல்ல வேண்டும்,
அந்த டாக்டர் கதையில் ஓர் அரைப் பக்கம் இருக்கிறது.
செத்துப்போன புருஷனின் டிபன் கேரியரை
அவள் விளக்குகிறாள்.
மூன்றாவது அடுக்கில் ஊறுகாய்க் கறை போகவில்லை.
ஜெபிக்கலாம் என்று வாயைத் திறக்கிறாள்,
கொட்டாவி வருகிறது.
அவ்வளவுதான்.
எழுதினவருக்கே தெரியாமல் எழுதிவிட்டார் போல,
அடுத்த பத்தியில் வசனம் சொல்லித் தேற்றிவிடுகிறார்.
அரைப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன்.

மறுபடி கத்திக்காரனிடம் போனேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், முதல் முத்தம்.
அந்த மடிப்பில்
காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று.
இடப்பக்கம் முடிச்சு வைத்து மடிக்கிறவர்
எங்கள் சபையில் ஒருவர்தான்.
ரூபாவதி ஐயரம்மா.
பெண்கள் ஐக்கியத்தில் மாதம் ஒருமுறை
"கண்களைக் காத்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே" என்பவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.
நூற்றுப் பன்னிரண்டோடு ஏன் நிறுத்தினார்?
வாடகை நாள் முடிந்ததா,
ஐயர் சைக்கிள் சத்தம் கேட்டதா,
அங்கேயே போதும் என்று இருந்ததா?
திரும்ப எடுக்கத்தான் அடையாளம் வைத்திருப்பார்.
யார் கொலைகாரன் என்று தெரியாமலே
இத்தனை ஞாயிறு
முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஓலையை அசைக்கவில்லை.
பில் புத்தகத்துப் பென்சிலால்
பக்கத்து ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினேன்:
"அந்தக் காபியைக் குடிக்க வேண்டாம்."

வெளியே சத்தம்.
சாக்கு லாரி வந்துவிட்டது.