முதலுக்கு மோசமில்லை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும்
அங்கி அறை மேசையில் காணிக்கைப் பையைக் கவிழ்ப்பேன்.
ஐப்பசியில் கோத்தகிரி நோட்டுகள்
ஒன்றையொன்று விடாது.
ஹீட்டர் முன் பரப்பி
அப்பளம்போலத் திருப்பிப் போட்டு
காய்ந்த பிறகே எண்ண முடியும்.
முப்பத்தொரு வருடம் வங்கிக் காசாளன் நான்.
விரல் நனைக்க இங்கே கிண்ணம் வேண்டாம்,
காற்றே போதும்.

அன்று நோட்டுகளுக்கு நடுவே ஒரு சீட்டு,
மருந்துக்கடை ரசீதின் பின்புறம்:
"செவ்வாய் ராத்திரி எனக்கு டியூட்டி இல்லை.
ஊசிக்கு நரம்பு அகப்படாதவர்கள் இருந்தால் கூப்பிடவும்.
எப்சிபா, லேப்."
கீழே பத்து இலக்கம்.

எரிச்சலாக வந்தது.
பேரேட்டில் ஸ்தோத்திரக் காணிக்கை உண்டு,
பிறந்தநாள் காணிக்கை உண்டு,
அறுப்பின் பண்டிகையில் ஏலம்போன பூசணிகூட உண்டு.
செவ்வாய் ராத்திரிக்குப் பத்தி இல்லை.
கிழித்தெறியவும் கை வரவில்லை.
பைக்குள் விழுந்தது எதுவும்
கணக்கில்லாமல் வெளியேறக் கூடாது.
பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
தாலந்தை மண்ணில் புதைத்தானே
அந்த மூன்றாவது வேலைக்காரன்,
அவன்மேல் எனக்கு எப்போதும் ஒரு சாய்வு.
பிரசங்கத்தில் அவனைத் திட்டும்போதெல்லாம்
என் காலணிகளைப் பார்த்துக்கொள்வேன்.
என்ன தவறு செய்தான்?
வாராக்கடன் இல்லை. கையாடல் இல்லை.
கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பினான்.
முதலுக்கு மோசமில்லை.
தணிக்கைக்கு வந்தவர்கள் அவனுக்குக் கைகுலுக்கியிருப்பார்கள்.

பிறகு கட்டபெட்டுப் பக்கம் மண் சரிந்தது.
மேட்டுப்பாளையம் பாதையில் மரங்கள் படுத்தன.
மிஷன் ஆஸ்பத்திரியில் எட்டு மாதக் குழந்தை,
மூன்று நாள் பேதி,
கண் உள்ளே போய்விட்டது.
இரண்டு நர்சுகள் ஏழு இடத்தில் குத்திப் பார்த்தார்கள்.
அழுவதற்குக்கூட அதனிடம் தண்ணீர் மிச்சமில்லை.
ஜெனரேட்டர் டீசலுக்குப் பணம் கட்டப் போனவன் நான்.
வராந்தாவில் நிற்கும்போதுதான் உறைத்தது,
இன்று செவ்வாய்.
பத்து இலக்கமும் தலைக்குள் இருந்தன.
இலக்கங்கள் எனக்கு மறப்பதில்லை.

எப்சிபா நடந்தே வந்தாள்.
கைகளை அக்குளில் இடுக்கிச் சூடாக்கினாள்.
குழந்தையின் நெற்றியோரம் ஒரு விரல் வைத்து
கண்ணை மூடினாள்,
அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்பவள்போல.
ஒரே குத்து.
சொட்டு இறங்கத் தொடங்கியது.
நாங்கள் ஏதாவது சொல்வோமென்று அவள் நிற்கவில்லை.
"சர்க்கரை தூக்கலா ஒரு கடுங்காப்பி கிடைக்குமா?"

விடிந்து வீடு திரும்பும்போது பார்த்தேன்.
பெள்ளியின் உருளைக்கிழங்குப் பாத்தி
வேலியோடு வரப்போடு இறங்கி
கீழே கல்லறைத் தோட்டச் சுவரில் சாய்ந்திருந்தது.
இந்த மலையில்
புதைத்த இடத்தில் எதுவும் இருப்பதில்லை.
அந்த வேலைக்காரன் சமவெளிக்காரனாக இருக்க வேண்டும்.

எனக்கென்று என்ன இருக்கிறது?
குரல் கிடையாது.
பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
படிவங்கள் மட்டும் என்னோடு பேசும்.
எந்தக் கட்டத்தில் எது தவறினால்
எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்கும் என்று
எனக்குத் தெரியும்.
எஸ்டேட்டில் பேர் நீக்கிய பெண்கள்
சேமநிதிக் காகிதத்தோடு கேட்டருகே நிற்பார்கள்.
"ஆபீசுல கேளுங்கம்மா" என்பேன்.
பதினோரு வருடமாக.

அடுத்த ஞாயிறு பை என் வரிசைக்கு வந்தபோது
மடித்த சீட்டொன்றைப் போட்டேன்.
மதியம் அதை நானே எடுத்து
யார் எழுத்தென்று தெரியாதவன்போல் பிரித்தேன்:
"சனிக்கிழமை காலை. படிவம் நிரப்பித் தருவேன்.
பேனா கொண்டுவர வேண்டாம்."

முதல் சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை.

இரண்டாவதில் பரிபூரணம் வந்தாள்.
வேறு சாமி கும்பிடுகிறவள்,
நெற்றித் திருநீறு மழையில் வழிந்திருந்தது.
பாலிதீன் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை.
நான்கு முடிச்சையும் அவிழ்த்தபோது
இருபத்தாறு வருடக் கொழுந்து
நனையாமல் இருந்தது.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

ஹீட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.