மொத்தம் சரி

பெட்டி மூடியின் உள்பக்கத்தில்
என் கையெழுத்தில் ஒரு பட்டியல்.
செங்கல் இருபத்துநான்கு. நெல் முப்பது.
தண்ணீர் முப்பத்தாறு. காசு அறுபது.
செங்கலுக்குப் பக்கத்தில் பென்சிலில்:
23 + இருமல் மிட்டாய் 1.
அதற்கும் கீழே, வேறொரு தேதியில்:
மிட்டாயைத் தணிகைவேல் தின்றுவிட்டான்.
பதிலுக்குச் சட்டைப் பொத்தான் 1.

இந்த மேசைக்கு வங்கி நான்தான்.
யாரும் நியமிக்கவில்லை.
பகலெல்லாம் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறவள்
ராத்திரி இதையும் எண்ணட்டுமே என்று
முதல் சனிக்கிழமையே தட்டு என் பக்கம் நகர்ந்தது.
இட்லித் தட்டுதான். குழிக்கு ஒரு சரக்கு.
தண்ணீர்க் குழி மட்டும் எப்போதும் வழியும்,
ஆட்டம் தொடங்கும்வரை.

கொளத்தூர், மூன்றாம் மாடி, மே மாதம்.
ஃபேனை ஒன்றில் வைத்தால் வியர்வை,
இரண்டில் வைத்தால் சீட்டு பறக்கிறது.
முனாஃப் தன் சீட்டுகளின் மேல்
ஸ்கூட்டர் சாவியை வைத்துக்கொள்வான்.
ஹெப்சிபா எதையும் வைப்பதில்லை.
பறக்கிற அளவுக்கு அவளிடம் சீட்டு சேர்ந்ததே இல்லை.

இரண்டு நெல், ஒரு தண்ணீர் கொடுத்தால்
ஒரு குடும்பம் குடிவரும்.
அடுத்த சுற்றில் தண்ணீர் தராவிட்டால்
அதே குடும்பம் கட்டுக்குத் திரும்பும்.
"லாரிக்குச் சொல்லேன்" என்பான் தணிகைவேல்,
ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்.
சிரிப்போம்.
கீழே நிஜ லாரி ரிவர்ஸ் எடுக்கும் வாரங்களில்
கொஞ்சம் குறைவாக.

அன்றைக்கு ஹெப்சிபா தாமதமாக வந்தாள்.
கழற்ற மறந்து மாட்டிக்கொண்டே வருகிற
அந்த ஆபீஸ் அட்டை கழுத்தில் இல்லை.
நான் எண்ணுகிறவள், இல்லாதது முதலில் தெரியும்.
வாயைத் திறக்கவில்லை. சீட்டைக் கலைத்துப் போட்டேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று.
"கை!" என்றேன். எங்கள் வீட்டு விதி:
இருட்டில் அவரவர் குவியல்மேல் அவரவர் கை.
மனசுக்குள் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன்.
முனாஃப் ஒன்பது. தணிகைவேல் ஏழு. எனக்கு ஆறு.
ஹெப்சிபா ஒன்று. தட்டில் பதின்மூன்று.
போன் டார்ச் போடட்டுமா என்றேன்.
"வேண்டாம்" என்று இரண்டு குரல்,
தேவைக்கு மேல் வேகமாக.

பிறகு அந்தச் சத்தம்.
பிளாஸ்டிக் விரிப்பில் எதுவோ தேய்ந்து போகிறது.
கண்ணாடி கண்ணாடியைத் தொடுகிறது: டிக்.
எதிர்வீட்டுக் குழந்தை அழுது ஓய்ந்தது.
டிக்.
கொசு ஒன்று என் காதுக்கு வந்தது, அடிக்கக் கையில்லை.
இன்னொரு டிக், இது வேறு திசையிலிருந்து.

வெளிச்சம் வந்ததும் எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள்.
நான் மணிகளைப் பார்த்தேன்.
ஏழு. ஆறு. ஆறு. நான்கு. பதின்மூன்று.
கூட்டினால் முப்பத்தாறு.
"மொத்தம் சரி" என்றேன்.
பொய் இல்லை. வங்கி கேட்கவேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

ஹெப்சிபா தன் நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
முகம் சிவக்கவும் இல்லை, மலரவும் இல்லை.
ஒரு மணியை எடுத்துத் தட்டில் போட்டாள்.
"போன வாரக் கடன்."
போன வாரம் அவள் கடன் வாங்கவில்லை.
மூடியில் பார்த்தால் தெரிந்துவிடும்.
பார்க்காமல் "வரவு" என்றேன்.

அப்புறமும் தோற்றாள், பதினொன்றரைக்கு,
ஆனால் மூன்று குடும்பம் நின்றது.
முனாஃப் ஜெயித்து, வழக்கம்போல்
ஒரு வாரத்துக்கான பெருமையைப் பேசித் தீர்த்தான்.
எல்லோரும் இறங்கினார்கள்.
பொத்தான் உட்பட எண்ணி, கவரில் போட்டு,
ரப்பர் பேண்ட் இரண்டு சுற்றி, அலமாரியில் ஏற்றினேன்.

கதவு தட்டும் சத்தம். முனாஃப், மூச்சு வாங்க:
"சாவி."
சீட்டோடு சீட்டாக அதுவும் உள்ளே போயிருக்கிறது.
இறக்கினேன். பிரித்தேன். கொடுத்தேன்.
அவன் படியிறங்கும் சத்தம் தேய்வதற்குள்
மறுபடி முதலிலிருந்து
எண்ண ஆரம்பித்திருந்தேன்.