மெல்லினம்

என் மகனுக்கு மெல்லினம் வராது.
ம இருக்க வேண்டிய இடத்தில் ப,
ந இருக்க வேண்டிய இடத்தில் த.
நிமலன் என்று சொல்லத்தான் வாயெடுப்பான்,
திபலற் என்று விழும்.
பிலிப்பினா டீச்சர் அதையே எழுதி ஒட்டிவிட்டாள்
அவன் தண்ணீர் பாட்டிலில்.

என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான்:
அம்மா என்று கிளம்பி
அப்பா என்று வந்து சேரும்.
அப்பாவோ கடலுக்குள்ளே,
எண்ணெய்க் கிணற்று மேடையில்,
இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறைதான் கரை.
ஷார்ஜா, அல் நஹ்தா, பதினோராம் மாடி,
நாளெல்லாம் அவருக்குப் பதிலாக
நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி அப்படிச் சிரிக்க முடியாது.
வாய் பிளந்து, தலை பின்னுக்குச் சாய்ந்து, குறட்டை.
ஐந்து வயதுக்கு எதற்கு அத்தனை பெரிய குறட்டை?
பிறகு அது நிற்கும்.
ஒன்று. இரண்டு. மூன்று.
எட்டு எண்ணுவதற்குள் தோளைத் தட்டிவிடுவேன்.
ஏசியை அணைத்தால் வேர்க்கும், போட்டால் அடைக்கும்;
ரிமோட்டைப் பிடித்தபடியே விடியும்.

டாக்டர் ஹனான் எக்ஸ்ரேயைக் காட்டினார்.
பக்கவாட்டில் என் பிள்ளையின் கழுத்து.
கறுப்பாக இருப்பது காற்று, என்றார்.
மூக்குக்குப் பின்னால் அது நூலாக இளைத்து
ஒரு வெளிர் மேட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியது.
அடினாய்டு.
எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, வளர வளரச் சுருங்கும்,
இவனுக்கு வழிமறித்து உட்கார்ந்திருக்கிறது.
செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருக்கிறதாம்.
கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்று
நான் அடித்திருக்கிறேன்.
ஒருமுறை.
இல்லை, இரண்டு முறை.

மூன்று மாதம் ஸ்ப்ரே.
குனிந்த தலை, நடுச்சுவரில் படாமல்,
காலை ஒன்று, இரவு ஒன்று.
மேடு அசையவில்லை.
இன்ஷூரன்ஸ் முதலில் மறுத்தது;
குறட்டையை வீடியோ எடுத்து அனுப்பினோம்,
நான் எண்ணும் சத்தமும் அதில் இருந்தது.

அறுவை சிகிச்சை அன்று ஷமால் காற்று.
ஹெலிகாப்டர் கிளம்பவில்லை.
சம்மதப் படிவத்தில் தகப்பன் இடத்தையும் சேர்த்து
நானே கையெழுத்திட்டேன்.
முக்கால் மணி நேரம். வாய்வழியாகவே எடுத்துவிட்டார்கள்,
வெளியே ஒரு தையல் இல்லை.

அழுது, கக்கி, தூங்கி,
சாயங்காலம் வாயை மூடினான்.
அவ்வளவுதான். மூடிய வாயோடு மூச்சு விட்டான்.
அந்த உதடுகள் ஒன்று சேர்ந்தால்
இவர் சாயல் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் வாயில் நாற்றம்.
இப்போது வேறு கூத்து:
பால் மால் ஆகிறது, பூனை மூனை.
காற்று மூக்கில் கசிகிறதாம்,
அண்ணம் புதுக் காலியிடத்துக்குப் பழகச்
சில வாரம் ஆகுமாம்.
வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிடுகிறான்,
அம்மா என்று கேட்கிறது கடலில்.
"என்னையா, உன்னையா?" என்கிறார் இவர்,
தலையில் ஹெல்மெட்டோடு.

உங்களைத்தான்.
கரைக்கு வர இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.
அதுவரை நீங்களே அம்மாவாக இருங்கள்.
எனக்குத் தூக்கம் வருகிறது.