கலங்கல் அளவு

ஏப்ரல் கடைசி.
கெமி ஆற்றில் பனிப்பாளம் பிளக்கும் ஓசை
ஆய்வகத்தின் இரட்டைக் கண்ணாடி தாண்டியும் கேட்கிறது.
குடிநீரின் கலங்கலை அளந்து
ஏட்டில் ஏற்றுவது தைனாவின் வேலை.
திங்கட்கிழமை, நீலப் பேனாவில் எழுதுகிறாள்:
பூஜ்ஜியம் புள்ளி நாலு ஒன்று.

எஸ்கோ வருகிறார்.
வந்ததும் யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறப்பார்.
அவள் கோப்பையை நகர்த்திவிட்டுத் தன் கோப்பையை வைப்பார்.
அவள் தொடங்கிய வாக்கியத்தின் வாலைப் பிடித்து
தானே இழுத்து முடிப்பார்.
பிறகு சிவப்புப் பேனாவால் அந்த ஒன்றை அடிப்பார்.
"நாலு போதும் தைனா.
ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?"

செவ்வாய், நாலு இரண்டு. அடித்தார்.
புதன், நாலு மூன்று. விசிலடித்தபடி அடித்தார்.
வியாழன், நாலு நாலு.
ஏட்டைப் புரட்டுகிறவர் கண்ணுக்கு
நாலு, நாலு, நாலு, நாலு,
ஆறு புரண்டுகூடப் படுக்கவில்லை.
ஆறோ
சதுப்பு நிலத்துச் சேற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு
இம்மியிம்மியாக ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்குள்ளும் ஏதோ,
நாலு வருஷமாய்,
எந்த ஏட்டிலும் நிற்காத பின்னங்களில்.
நீர் கலங்கவும் மனம் கலங்கவும்
ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிறது என் மொழி.
அவள் மொழியில் எப்படியோ, எனக்குத் தெரியாது.

மாதிரிப் புட்டிகளை வண்டியில் கொண்டுவரும் ஓனி சொல்வான்:
"எஸ்கோ நல்லவர்தான், குரல்தான் கொஞ்சம் பெரிசு."
உண்மை. தைனாவின் அம்மா இறந்தபோது
மூன்று வாரம் அவள் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவர்.
அதுதான் சிக்கலே.
கெட்டவரென்றால் வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம்.

விடிகாலையில் கார்க் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டியபடி
ஒத்திகை பார்ப்பாள்.
ஒருநாள் காரசாரமாக,
ஒருநாள் மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பிலேயே முடித்து,
ஒருநாள் விதிமுறைப் புத்தகத்தின் பக்க எண்ணோடு.
எல்லா ஒத்திகையிலும் எஸ்கோவே ஜெயித்தார்.

வெள்ளி. நாலு ஐந்து.
சிவப்புப் பேனா இறங்குகிறது.
உள்ளங்கையை விரித்து ஏட்டின் மேல் வைத்தாள்.
"இல்லை."
அந்த ஊர்ப் பேச்சில் அது ஒரே அசை: எய்.
தமிழ்க் காதுக்கு அம்பு விடச் சொல்வது போலிருக்கும்.
அவள் எதையும் எய்யவில்லை.
"இது நான் அளந்தது, எஸ்கோ.
தப்பென்று பட்டால் நீங்களே அளந்து
கீழே உங்கள் பெயரில் எழுதுங்கள்.
என் எண்ணைத் தொடாதீர்கள்.
ஜன்னலையும் கேட்டுவிட்டுத் திறங்கள்."
கடைசி வாக்கியம் எந்த ஒத்திகையிலும் இல்லாதது.
குரல் நடுங்கியது.
நடுங்கிக்கொண்டே முற்றுப்புள்ளி வரை நடந்தது.

இங்கே நிறுத்திப் பார்க்கிறேன்.
அவர்கள் மொழியில் இருவருக்கும் ஒரே 'ஹேன்'.
நான்தான் தொடக்கத்திலிருந்து
அவருக்கு 'ர்' போட்டு
இவருக்கு 'ள்' போட்டு வந்திருக்கிறேன்.
சிவப்புப் பேனா என் கையிலும் ஒன்று.

எஸ்கோ பேனாவை மூடினார்.
குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
சரி என்று சொல்லவில்லை.
காபியை ஊற்றிக்கொண்டு நடைகூடத்துக்குப் போய்விட்டார்.
தைனாவுக்கு மதியம்வரை வயிற்றைப் பிசைந்தது;
சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனார்.
சனி ஞாயிறு முழுக்க
அந்த ஜன்னல் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று
பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தார்.

திங்கள்.
ஜன்னல் மறுபடி திறந்தே கிடந்தது.
தைனா எழுந்துபோய் மூடினார்.
அளந்தார். நீலத்தில் எழுதினார்: நாலு எட்டு.

மாலையில் ஏட்டை எடுத்து வைக்கையில்
அதன் கீழே, தனி வரியில், சிவப்பில்,
பழக்கமில்லாத கவனத்தோடு எழுதியிருந்தது:
நாலு ஏழு. எஸ்கோ.